நாலு முடிச்சுக் கயிறும் உடம்பு பிடிக்கும் நாற்காலியும்

எங்கள் வீட்டு நடுக்கூடத்தில் ஒரு நாற்காலி இருக்கிறது. காபித்தூள் நிறம். கரண்டில் உடம்பு பிடித்துவிடுகிற நாற்காலி. எங்கள் ஊரில் இப்படி ஒன்று வேறு யார் வீட்டிலும் இல்லை. பார்க்க வருகிறவர்கள் முதலில் அதைத் தொட்டுப் பார்க்கிறார்கள், மோந்து பார்க்கிறவர்களும் உண்டு. அப்புறம், "எத்த வெச்சு இதான் நல்லதுன்னு கண்டுபிடிச்ச?" என்று கேட்கிறார்கள்.

கேட்க வேண்டிய ஆளைத்தான் கேட்கிறார்கள். எங்கள் வீட்டுக்கு வந்த எருது ஒவ்வொன்றும் நான் பார்த்துச் சரி என்று சொன்ன பிறகு வந்ததுதான். செங்கம் சந்தையில் ஆம்பிளைகள் பல்லைப் பிடித்துப் பார்த்துக்கொண்டிருக்கும்போது நான் எருதின் பின்னால் நடந்து போவேன். பின்னங்கால் குளம்பு எங்கே விழுகிறது என்று பார்ப்பேன். எந்த எருதும் என்னை ஏமாற்றியதில்லை. நாற்காலியில்தான் நான் ஒரு தப்புப் பண்ணினேன். அதை மறைத்துவிட்டுச் சொன்னால் கேட்கிறவர்களுக்கு உதவாது.

எங்கள் வீட்டுக்காரர் நல்ல உயரம். எந்த வாசலிலும் குனிந்துதான் நுழைவார். இரண்டு வருஷத்துக்கு முன்னால் புளி மூட்டையை லாரியில் ஏற்றிக்கொண்டிருந்தவர் அப்படியே நின்றுவிட்டார். மூட்டை ஒரு பக்கம் விழுந்தது, ஆள் அசையவில்லை. இடுப்பில் பிடித்துக்கொண்டது. நாலு பேர் கட்டிலோடு தூக்கி ஜீப்பில் வைத்துத் திருப்பத்தூருக்குக் கொண்டுபோனோம். டாக்டர் படம் பிடித்துப் பார்த்தார். எலும்பு உடையவில்லை, சதைதான் இறுகிப்போயிருக்கிறது என்றார். மாத்திரை கொடுத்தார். தினமும் இரண்டு காலையும் மடக்கி நீட்டிச் செய்ய ஒரு பயிற்சியும் சொல்லிக்கொடுத்தார். எங்கள் வீட்டுக்காரர் அதற்கு "ஸ்கூல் புள்ளைங்க டிரில்லு" என்று பேர் வைத்து நாலாம் நாளே விட்டுவிட்டார்.

போகப் போக நிற்க முடிந்தது, நடக்க முடிந்தது, படுக்க முடிந்தது. உட்கார மட்டும் முடியவில்லை. ஒரு வெற்றிலை மெல்லுகிற நேரம் உட்கார்ந்தால் போதும், முகம் சுருங்கிவிடும். சோறும் நின்றுகொண்டுதான். சாமை கொட்டி வைக்கிற தகர டிரம் இருக்கிறதே, அதன் மூடிமேல் தட்டை வைத்துக்கொண்டு சுவரைப் பார்த்து நின்று தின்பார். நான் கீழே உட்கார்ந்து தின்பேன். கல்யாணமான நாளிலிருந்து என் பக்கத்தில் உட்கார்ந்து, நான் அசந்த நேரத்தில் என் தட்டுக் கருவாட்டை எடுத்துத் தின்ற ஆள் அவர். நின்று தின்கிறவருக்குப் பேச்சு வராது. மறுசோறு கேட்கவும் மாட்டார். நாலு கவளத்தை உள்ளே தள்ளிவிட்டுக் கை கழுவிவிடுவார். தோள் எலும்பு சட்டைக்குமேல் தெரிய ஆரம்பித்தது.

எனக்கு வேறொன்றும் வேண்டியிருக்கவில்லை. இந்த மனிதர் கீழே உட்கார்ந்தோ, பலகையில் உட்கார்ந்தோ, ஒரு வேளை சோற்றை நிதானமாகத் தின்ன வேண்டும்.

எங்கள் மகள் திருப்பத்தூரில் ஒரு ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கிறாள். போன மாசி மாதம் போன் செய்தாள். "யம்மா, உடம்பு புடிச்சி வுடற நாற்காலி ஒன்னு வருது. டாக்டரம்மாவ கேட்டுட்டேன். மெதுவா புடிச்சா நல்லதுதானாம். எலும்பு மேல அழுத்தக் கூடாது, ஒரு நாளைக்கு கால் மணி நேரம் போதும், அந்தப் பயிற்சியும் செய்யணும்னாங்க. கால் மரத்துப் போச்சின்னா நிறுத்திட்டு ஒடனே வரணுமாம். நான் வாங்கித் தர்றேன். எதுன்னு நீ வந்து பாரு."

"நானு இன்னாடி பாக்கறது? நீ படிச்ச பொண்ணு."

"நான் கடைக்காரங்க சொல்றத நம்பிடுவேம்மா. நீ யார் சொல்றத நம்பி இருக்கே?"

அவள் சொன்னது உண்மைதான். பிறகு, நைனாவின் முதுகை அளந்து எழுதிக்கொண்டு வா என்றாள். எனக்குக் கையெழுத்துப் போடத் தெரியும், பஸ் போர்டு படிக்கத் தெரியும். அங்குலம் எழுதத் தெரியாது. ஆனால் கயிறு தெரியும். தாழ்வாரத்துக்கு மூங்கில் வெட்டப் போனாலும் கதவுக்குப் பலகை வாங்கப் போனாலும் நான் கயிற்றில் முடிச்சுப் போட்டுத்தான் கொண்டுபோவேன். இதுவரை ஒரு பலகை கூடக் குறைந்ததில்லை.

எங்கள் மலையில், படுத்திருக்கிற மனுஷனைக் கயிறு போட்டு அளக்க மாட்டோம். அது செத்தவருக்குக் குழி வெட்ட அளக்கிற அளவு. அதனால் அவரைச் சுவரோரம் நிற்க வைத்தேன். கயிற்றின் நுனியைப் பின்னால் குந்துகிற எலும்பில் வைத்து, மேலே உச்சந்தலை வரைக்கும் விறைப்பாக இழுத்துப் பிடித்தேன். வலிக்கிற இடத்தில் ஒரு முடிச்சு, தோள் எலும்பில் ஒன்று, பிடரியில் ஒன்று, உச்சியில் ஒன்று. மொத்தம் நாலு. அவருக்குக் கூச்சமாக இருந்தது.

"கோமணம் தைக்கப் போறியா?"

"அதுக்கு இவ்வளவு கயிறு எதுக்கு? சொம்மா நில்லு."

திருப்பிப் பிடித்து எங்கள் வாசல் அகலத்தையும் அதே கயிற்றில் வேறு ஒரு பக்கம் குறித்துக்கொண்டேன். வீட்டுக்குள் நுழையாத நாற்காலியை வாங்கி என்ன பண்ணுவது?

கடைக்குப் போவதற்கு முந்தின நாள் முழுக்கப் புளி உலுக்கி, பொறுக்கி, ஓடு தட்டினேன். வேண்டுமென்றேதான். வலி இல்லாத உடம்போடு போனால் எந்த நாற்காலியும் சுகமாகத்தான் இருக்கும். காலையில் தின்று கொழுத்து நிற்கிற எருதைப் பார்த்து என்ன தெரியும்? சாயங்காலம் ஏர் அவிழ்த்த பிறகு பார்க்க வேண்டும். அந்த மாதிரி, இடுப்பு, தோள், கெண்டைக்கால் எல்லாம் விண் விண் என்று தெறிக்க முதல் பஸ்ஸில் மலையிறங்கிப் போனேன். மகள் ஸ்டாண்டில் காத்திருந்தாள்.

கடையில் இருந்தது நடுவயதுப் பெண். படவேடு பக்கமாம். முகம் சுளிக்கிறவள் இல்லை. வரிசையாக மூன்று நாற்காலி: வெள்ளை, கறுப்பு, காபி நிறம். ஒவ்வொன்றும் ஒரு கன்றுக்குட்டி படுத்திருக்கிற மாதிரி இருந்தது.

வெள்ளையில் முதலில் குந்தினேன். முதுகுக்குள் இரண்டு உருளை ஏறி இறங்கியது. நான் குள்ளம் என்பது அதற்குத் தெரியவில்லை. பிடரியைத் தாண்டிப் போய் உச்சந்தலையில் மரங்கொத்தி மாதிரி டொக் டொக்கென்று தட்டியது. கீழே இரண்டு பெட்டிக்குள் காலை விடச் சொன்னாள். காற்றுப் பை ஊதி ஊதிக் காலை இறுக்கிப் பிடித்தது. என் கால் காப்பும் மெட்டியும் சதையில் அழுந்தின.

"காப்ப கழட்டிடுங்கம்மா, மெட்டியும்."

"காப்ப கழட்டறேன். மெட்டி? எங்க வூட்டுக்காரரு மலைமேல நல்லா கீறாரு, தாயி."

அவள் நாக்கைக் கடித்துக்கொண்டாள். மெட்டிக்குமேல் ஒரு துணியைச் சுற்றிவிட்டாள். கால் இறுகி இருக்கும்போதே கேட்டேன்.

"இப்ப கரண்டு போச்சின்னா இது கால வுடுமா?"

"போகாதும்மா."

"உங்க ஊர்ல போகாது. எங்க ஊர்ல மேகம் கறுத்தா போகும், காத்தடிச்சா போகும், ஒன்னும் இல்லன்னாலும் போகும். பிளக்க புடுங்கு, பாக்கலாம்."

அவள் மகளைப் பார்த்தாள். மகள் தலையாட்டினாள். பிளக்கைப் பிடுங்கினார்கள். வெள்ளை நாற்காலி காலை விடவில்லை. முயல் கண்ணியில் மாட்டின மாதிரி நான் கிடந்தேன். மகள் ஒரு காலையும் கடைக்காரி ஒரு காலையும் பிடித்து இழுத்தார்கள். எனக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. கடைக்காரிக்குத்தான் வேர்த்துவிட்டது. "இத்தினி வருசமா யாரும் இப்புடி கேட்டதில்லம்மா" என்றாள். வெள்ளையை அத்தோடு தள்ளிவிட்டேன். மற்ற இரண்டும் கரண்டு போனதும் பெருமூச்சு விட்டுக் காலை விட்டன.

அப்புறம் நிதானமாகப் பார்த்தேன். நாற்காலி ஓடும்போது பின்பக்கத்தில் காதை வைத்தேன். கறுப்பு தேனீக் கூட்டம் மாதிரி முனகியது, காபி நிறம் சத்தமே போடவில்லை. சூடு ஏறுகிற இடத்தில் புறங்கையை வைத்துப் பார்த்தேன். உள்ளங்கை காய்த்துப்போன கை, அதற்குச் சூடு தெரியாது. தையலை இழுத்துப் பார்த்தேன். நிறுத்துகிற பொத்தான் எது என்று கேட்டு, கண்ணை மூடிக்கொண்டு தடவி மூன்று தரம் நிறுத்திப் பார்த்தேன். ரிப்பேர் ஆனால் மலைக்கு ஆள் வருவாரா, இல்லை நாற்காலியை நாங்கள் தூக்கிக்கொண்டு வர வேண்டுமா என்று கேட்டு, வருவார் என்று பில்லில் எழுதித் தரச் சொன்னேன். வாசல் அகலத்தையும் கயிறு போட்டுப் பார்த்தாயிற்று. கதவைக் கழற்றினால் இரண்டும் நுழையும்.

கடைசியில் முதுகுக் கயிற்றை எடுத்தேன். கடைக்காரி, "காபி கலர் நாற்காலி, ஆள தானா அளந்துக்கும்மா. குந்தினதும் தோள் எங்க கீதுன்னு பாத்துக்கும்" என்றாள்.

"நான் அளந்து கொண்டாந்துட்டேன். அது எதுக்கு அளக்கணும்?"

கயிற்று நுனியை இருக்கையில் வைத்து மேலே பிடித்தேன். கறுப்பு நாற்காலியின் உருளை முடிச்சுக்கு முடிச்சு சரியாக வந்து நின்றது. வலி முடிச்சில் அழுத்தமும் நல்ல அழுத்தம். "இதான்" என்று சொல்லிவிட்டேன். என் கயிறு சொன்னதற்குமேல் எனக்கு வேறு சாட்சி தேவைப்படவில்லை.

கடைக்காரி தலையை ஆட்டினாள். "குந்தப் போறவரு ஒரு தபா வந்து குந்திப் பாக்கட்டும்மா. அதுக்கு அப்புறம் பில்லு போடறேன்."

எனக்குக் கோபம் வந்தது. ஆனால் யோசித்துப் பார்த்தால், நானும் ஜோடி எருதைச் சேர்த்து நுகத்தில் பூட்டி நடத்திப் பார்க்காமல் கயிற்றைக் கையில் வாங்கியதில்லை. அவள் சொன்னதும் அதே நியாயம்தான். அவரைக் கூட்டிக்கொண்டு வர பஸ் ஏறினேன்.

வீட்டுக்காரர் ஒத்துக்கொள்ளவில்லை.

"எம் முதுகு இன்னா கல்யாணப் பொண்ணா, கடையில குந்த வெச்சி நாலு பேரு பாக்க?"

"நீ வராம அவ குடுக்க மாட்டா."

"பஸ்ல குந்த முடியாது. ஜீப்புல தூக்கிக்கினு போவீங்க. மனுசன நாலு பேரு தூக்கறது ஒரு தபாதான் இருக்கணும். எனக்கு அது முன்னாடியே ஆயிப்போச்சி. இன்னொரு தபா உயிரோட வேணாம்."

அதைச் சொன்னபோது டிரம்மைப் பிடித்துக்கொண்டு நின்றார். தட்டில் பாதிச் சோறு அப்படியே இருந்தது. மறுநாள் காலையில் சாலைக்குப் போனேன். புளி லாரி நின்றுகொண்டிருந்தது. ஓட்டுகிறவர் எங்கள் பங்காளி வீட்டுப் பையனின் மாமனார், பேச்சில் கெட்டிக்காரர். மூட்டைக்குமேல் ஆள் நீட்டிப் படுக்க இடம் இருக்குமா என்று கேட்டேன். இருக்கும் என்றார்.

வீட்டுக்கு வந்து, "யாரும் தூக்க வேணாம். நீயே மூட்ட மேல ஏறு, நீயே எறங்கு. நானும் வர்றேன்" என்றேன்.

அவர் உள்ளே போய் வெளுத்த வேட்டியை எடுத்துக் கட்டிக்கொண்டார்.

ஏறுகிறதற்கு மூட்டைகளைப் படி மாதிரி அடுக்கிக்கொடுத்தார்கள். ஒரு படிக்கு ஒரு தரம் நின்று மூச்சு வாங்கினார். ஒருவர் கையும் அவர்மேல் படவில்லை. மேலே தார்ப்பாய் விரித்து நீட்டிப் படுத்தார். நான் தலைமாட்டில் குந்தினேன். லாரிக்காரர் கீழேயிருந்து கத்தினார்.

"மாமோவ், செக்போஸ்ட்ல கேட்டா புளின்னு சொல்லிடுவேன். உன்ன இன்னான்னு சொல்றது?"

"கொட்ட எடுக்காத புளின்னு சொல்லு!"

வளைவுக்கு வளைவு லாரி சாயும்போது மூட்டைகளும் அவரும் ஒன்றாகச் சாய்ந்தார்கள். இரண்டு வருஷம் கழித்து மலையை விட்டு இறங்குகிறார். வானத்தைப் பார்த்துக்கொண்டே வந்தார். "மரமெல்லாம் தலகீழா ஓடுதுமே" என்றார்.

கடை வாசலில் மகள் நின்றாள். அவர் தானாகவே நடந்து வருவதைப் பார்த்ததும் அவளுக்குக் கண் கலங்கியது. முகத்தைத் திருப்பிக்கொண்டு செருப்பைத் தேடுகிற மாதிரி குனிந்தாள்.

கறுப்பு நாற்காலியில் அவரை நான்தான் உட்கார வைத்தேன். பொத்தானையும் நான்தான் அமுக்கினேன். உருளை மேலே ஏறி ஒரு இடத்தில் நின்று அழுத்தியது. "யம்மாடி!" என்று கத்தினார். கடையில் இருந்த எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். கண்ணை மூடிக்கொண்டு பழகின கை உதவியது. உடனே நிறுத்திவிட்டேன். இருந்த இடுப்பையும் கெடுத்துவிட்டேனோ என்று பயம்.

மகள் கயிற்றை வாங்கினாள். அவரைக் கொஞ்சம் முன்னால் நகர்ந்து நிமிர்ந்து உட்காரச் சொல்லி முதுகில் வைத்துப் பார்த்தாள். வலி முடிச்சு வலியில் இல்லை. நாலு விரல் கீழே, எலும்பின்மேல் கிடந்தது. பிடரி முடிச்சும் அப்படியே கீழே இறங்கிக் கிடந்தது.

எனக்கு அப்போதுதான் விளங்கியது. வலி வந்த நாளிலிருந்து அவர் நேராக நிற்பதில்லை, இடது பக்கம் கோணிக்கொண்டுதான் நிற்பார். கோணல் மரத்தை விறைப்பான கயிற்றால் அளந்தால் அளவு குறையும். மூங்கிலில் எனக்குத் தெரிந்த சங்கதிதான். என் வீட்டுக்காரர் முதுகில் தெரியாமல் போயிற்று. படுக்க வைத்து அளந்திருந்தால் முதுகு நீண்டிருக்கும், அளவு சரியாக வந்திருக்கும். நான் குழி அளவுக்குப் பயந்து நிற்க வைத்தேன். இதை எல்லோர் முன்னாலும் சொன்னேன். சொல்லாமல் இருக்க முடியவில்லை.

அவர் வலியோடு வலியாகச் சிரித்தார். "நானு செத்தாதான் சரியா அளப்ப போலக்குது."

"வாய மூடு" என்றேன். கடைக்காரியைப் பார்த்து, "உன் நாற்காலியே அளக்கட்டும், தாயி" என்றேன். அவள் ஒரு வார்த்தை சொல்லிக் காட்டவில்லை. அதற்காகவே அவளை எனக்குப் பிடித்துப்போயிற்று.

காபி நிறத்தில் உட்கார்ந்தார். உருளை மெதுவாக மேலே போய் அவருடைய தோளைத் தேடியது, கண் தெரியாதவர் முகத்தைத் தடவிப் பார்க்கிற மாதிரி. அங்கே நின்றது, அப்புறம்தான் வேலையை ஆரம்பித்தது. இருப்பதிலேயே குறைந்த அழுத்தம் வைக்கச் சொன்னாள் மகள். சூடு ஏறியது. நான் பொத்தான்மேல் விரலை வைத்துக்கொண்டு அவர் கையையே பார்த்துக்கொண்டு நின்றேன். முகம் பொய் சொல்லும், ஆம்பிளை முகம் இன்னும் பொய் சொல்லும். கை சொல்லாது. முதலில் இரண்டு கையும் முஷ்டி பிடித்திருந்தது. கொஞ்ச நேரத்தில் வலது கை விரிந்தது. இடது கை, இரண்டு வருஷமாக இடுப்பைப் பிடித்துக்கொண்டே இருந்த கை, மெல்ல நழுவி மடியில் விழுந்தது.

கால் மணி ஆனதும் நாற்காலி தானாக நின்றது.

"ஆயிப்போச்சா? இன்னொரு தபா போடு."

"இன்னிக்கு ஒரு தபா போதும், நைனா. எப்புடி கீது?"

அவர் எழுந்து நின்று பார்த்தார். இரண்டு அடி நடந்தார்.

"வலி போகல. கொஞ்சம் தள்ளி நிக்குது" என்றார்.

அந்த ஒரு சொல் எனக்குப் போதும். போய்விட்டது என்று சொல்லியிருந்தால் நான் நம்பியிருக்க மாட்டேன். பயிற்சியை மறுபடியும் ஆரம்பித்தால்தான் நாற்காலி வரும் என்று மகள் கண்டிப்பாகச் சொன்னாள். அவரும் டிரில்லு என்று கேலி பண்ணாமல் சரி என்றார். இன்றைக்கும் காலையில் எழுந்ததும் அதைச் செய்துவிட்டுத்தான் நாற்காலிக்குப் போகிறார்.

கடைக்காரி பில் எழுதப் போனாள். பொழுது உச்சிக்கு வந்திருந்தது. "இங்கியே சாப்புடுங்கம்மா" என்று தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். தூக்குச் சட்டியில் சாமைச் சோறும் மொச்சைக்கொட்டைக் குழம்பும் கொண்டுவந்திருந்தேன். சோற்றைப் போட்டு, கை பழக்கத்தில் உயரமான இடம் தேடினேன். கடையில் தகர டிரம் ஏது? பில் போடுகிற மேசைதான் உயரமாக இருந்தது. அவர் தட்டைக் கொண்டுபோய் அதன்மேல் வைத்தேன்.

"இன்னா அங்க வெக்கற?"

திரும்பிப் பார்த்தேன். சுவரோரம் இருந்த மரப் பெஞ்சில் அவர் உட்கார்ந்திருந்தார். யாரும் உட்காரச் சொல்லவில்லை.

"இங்க குடு. நீயும் வந்து குந்து."

போய்ப் பக்கத்தில் குந்தினேன். எனக்குச் சோறு இறங்கவில்லை. அவருக்கு இறங்கியது. ஒரு வெற்றிலை நேரம் போயிற்று, இரண்டு வெற்றிலை நேரம் போயிற்று. லாரிக்காரர் செக்போஸ்ட்டில் முழித்த முழியைச் சொல்லிச் சொல்லிச் சிரித்துக்கொண்டே தின்றார். தட்டு காலியானது. வழித்து நக்கிவிட்டுத் தூக்குச் சட்டியை எட்டிப் பார்த்தார்.

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான். நின்னுக்கினு தின்ற ஆளுக்கு அளந்து கொண்டாந்தேன்."

அவர் என் தட்டுப் பக்கம் கையை நீட்டினார்.

"நீ மறுபடியும் தப்பா அளந்துட்டமே" என்றார்.